தையல் சொன்ன சொல்

தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஊசியும் நூலும் கொண்டு துணியில் ஆற்றும் தொழில் ஒரு பொருள். பெண் என்பது மற்றொரு பொருள். ‘நூல்’ என்னும் சொல்லும் இழையையும் ஏட்டையும் ஒருங்கே சுட்டுகின்றது. ‘பனுவல்’ என்பதோ பஞ்சிலிருந்து நூற்றெடுத்த இழைக்கும் புலவர் யாத்த படைப்புக்கும் பொதுப்பெயராய் வழங்கிற்று. இவ்வொற்றுமையைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் உருவகமாகவே விரித்துள்ளார். அங்கே சொல் பஞ்சாகின்றது, பனுவல் இழையாகின்றது, வாய் கையாகின்றது, மதி கதிராகின்றது, நூல் செய்யும் புலவன், நூற்கும் பெண்ணாகின்றான்.

எனினும், புலவனுக்கு உருவகமாகும் தகுதி பெற்ற அப்பெண்ணின் சொல் கேட்கப்பட்டதா என்பது வேறு வினா. தையலின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டா என அறிவுறுத்திற்று ஔவையாரின் ஆத்திசூடி. தையலை உயர்த்துக என அதனை மாற்றியமைத்தார் புதிய ஆத்திசூடி தந்த பாரதியார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கேட்பாரற்றுப் போன பெண்மொழி எங்கெங்கு ஒதுங்கி வாழ்ந்தது என்று தேடுவோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் கோலத்தையும் எடுத்துக்காட்டுவர். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது ஊசிவேலை. அதனுள்ளும், கட்டங்களை எண்ணி எண்ணி, நூலைக் குறுக்கிட்டு, முகங்களை எழுப்பும் ‘கிராஸ் ஸ்டிச்’ என்னும் குறுக்குத் தையலின் வரலாறு சிறப்பாக நோக்கத்தக்கது. பெண்ணின் உழைப்பு எவ்வாறு போற்றப்பட்டது, அவள் பெயர் எவ்வாறு மறைக்கப்பட்டது என்னும் இரண்டையும் அவ்வரலாறு ஒருங்கே காட்டுகின்றது. அதன் பெரும்பகுதி ஐரோப்பிய மண்ணில் நிகழ்ந்தது. அதன் கிளையொன்று தமிழர் இல்லங்களையும் வந்தடைந்தது.

இல்லத்தினுள் உருவம் எழுதி வைத்து மகிழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. நக்கீரரின் நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலே கட்டிய விதானத் துணியில், திங்களோடு உரோகிணி நிற்கும் காட்சி தீட்டப்பட்டிருக்கின்றது. கணவனைப் பிரிந்த அரசி அவ்வுருவத்தை நோக்கித் தன் நிலையை எண்ணிக் கண்ணீர் உகுக்கின்றாள். வீட்டில் இருக்கும் ஓர் உருவம் வெறும் அழகுப் பொருளாக மட்டும் இருந்துவிடுவதில்லை என்பதைச் சங்கப் புலவர் அன்றே உணர்த்திவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களின் முன்னறைகளைக் கண்டவர்கள், கண்ணாடிச் சட்டத்துள் அமைந்த தையற் படங்களையும் கண்டிருப்பர். இணைக்கிளிகள், அன்னம், குழந்தைக் கண்ணன், குழந்தை இயேசு, தலைவர் ஒருவரின் முகம் எனப் பலவாக அவை அமையும். செய்தவர் யார் என வினவினால், ‘அத்தை கலியாணத்துக்கு முன்னே போட்டது’ என்னும் விடை கிடைக்கும். அவ்விடையோடு பெரும்பாலும் அப்படத்தின் வரலாறு முற்றுப்பெற்றுவிடும்.

எண்ணும் இலக்கணம்

குறுக்குத் தையலின் விதி மிக எளியது. நெடுக்கிழையும் குறுக்கிழையும் சம இடைவெளியில் அமைந்த துணியே அதற்குக் களம். தமிழகத்தில் ‘மேட்டித் துணி’ என்று பெண்கள் கேட்டு வாங்கும் துணி அத்தகையது. துணியின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் மூலைக்கு மூலையாக ஒரு நூலும், அதன்மேல் எதிர்மூலைக்கு ஒரு நூலும் இட்டால் ஒரு தையல் முற்றுப்பெறும். மேலே விழும் நூல் படம் முழுவதிலும் ஒரே திசையில் சாய்ந்திருத்தல் வேண்டும். அவ்வொழுங்கு தவறினால் ஒளி படும் திசை மாறி, முகத்தில் வடு விழுந்தாற்போலத் தோன்றும்.

துணியின்மேல் கோடு எதுவும் வரைவதில்லை. கட்டம் போட்ட தாளில் இன்ன கட்டத்துக்கு இன்ன வண்ணம் எனக் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து எண்ணி, துணியிலும் அவ்வாறே எண்ணித் தைத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு கட்டம் பிழைத்தால் அதன்பின் வரும் அனைத்தும் இடம் பெயரும். மூக்கு கன்னத்திற்குச் செல்லும். புள்ளி பிசகிய கோலத்தைத் திருத்துவது போல இதனை எளிதில் திருத்த இயலாது. தைத்த அனைத்தையும் பிரித்துத் திரும்பவும் தொடங்க நேரும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் உழைப்பு விளங்கும். ஓர் அங்குலத்திற்கு 14 கட்டங்கள் உள்ள துணியில், அகலத்தில் 150 கட்டங்களும் உயரத்தில் 200 கட்டங்களும் கொண்ட முகம் ஒன்று, ஏறத்தாழ 11 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உடையதாய் அமையும். அதில் உள்ள கட்டங்கள் 30,000. ஒரு கட்டத்திற்கு ஊசி நான்கு முறை துணியைக் கடக்கின்றது. ஆகவே அம்முகம் நிறைவுற ஊசி 1,20,000 முறை ஊடுருவியாக வேண்டும். அண்மையில் நின்று நோக்குவோர்க்கு அங்கே கட்டங்களே தெரியும். பத்தடி பின்வாங்கி நோக்கினால் முகம் தெரியும். தைப்பவளோ நாள்தோறும் அண்மையிலேயே அமர்ந்திருப்பவள்.

அசையும் சீரும் தளையும் எண்ணி யாக்கும் மரபுக் கவிஞர்க்கு இவ்விலக்கணம் அந்நியமாகத் தோன்றாது. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் முடிய வேண்டும் என்பது முன்னோர் வகுத்த கட்டம். அக்கட்டம் பொதுவானது என்பதற்காக எல்லா வெண்பாவும் ஒருவர் எழுதியவை என்று எவரும் கூறுவதில்லை. ஆயினும் குறுக்குத் தையலைப் பற்றிப் பிற்காலத்தார் கூறியது ஏறக்குறைய அதுவே.

அரசி சேர்த்த எலி

படிவம் பார்த்துத் தைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் அச்சுக்கலையோடு வளர்ந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யோகான் ஷோன்ஸ்பெர்கர் என்பவர் 1520களில் தையலுக்கும் நெசவுக்கும் உரிய படிவ நூலை அச்சிட்டு வெளியிட்டார். அதுகாறும் தாயிடமிருந்து மகளுக்குத் துணியாகவே கைமாறிய உருவங்கள், அதன்பின் தாளில் ஏறி நாடு கடந்தன.

அவ்வாறு அச்சிலிருந்து எடுத்துத் தைத்தவர்களுள் ஓர் அரசியும் உண்டு. ஸ்காட்லாந்தின் அரசி மேரி 1568இல் இங்கிலாந்தில் அடைக்கலம் நாடிச் சென்றார். அவரை ஐயுற்ற எலிசபெத் அரசியார் காவலில் வைத்தார். 1587இல் தலை துணிக்கப்படும் வரை, 19 ஆண்டுகள், மேரி சிறையிலேயே வாழ்ந்தார். அவருடைய மடல்கள் ஒற்றர்களால் பிரித்துப் படிக்கப்பட்டன. ஊசியும் பட்டு நூலும் மட்டும் ஐயத்திற்கு இடமற்ற பொருள்களாகக் கருதப்பட்டன. காவலராய் இருந்த ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவியாரும் மேரியும் ஒருங்கமர்ந்து குறுக்குத் தையலில் விலங்குகளையும் பறவைகளையும் செடிகளையும் தைத்தனர். அத்துண்டுகள் பலவற்றை இணைத்துச் செய்த திரைகள் நார்ஃபோக் பகுதியின் ஆக்ஸ்பரோ மாளிகையில் காக்கப்பட்டு வருகின்றன.

அவ்வுருவங்கள் பல, கான்ராட் கெஸ்னர் என்னும் சுவிட்சர்லாந்து இயற்கையறிஞரின் விலங்கு நூலில் இருந்த மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துச் செய்தவை. அவ்வாறு தைத்த உருவங்களுள் ஒரு பூனையும் உண்டு. மேரியின் பூனை செம்பட்டை நிறத்தது. அதன் அருகே ஓர் எலியும் இருக்கின்றது. எலிசபெத் அரசியாரின் தலைமயிர் செந்நிறமுடையது என்பதை உலகறியும். மூலப்படத்தில் இல்லாத எலியை மேரி தாமாகவே சேர்த்தார் என்றும், பூனை யார், எலி யார் என்பதை அவர் சொல்லாமற் சொன்னார் என்றும் ஆய்வாளர் கருதுவர். காவலர் கண்முன்னே, பகல் வெளிச்சத்தில், அரசியலைத் தைத்தார் மேரி. படியெடுத்தல் என்னும் செயலுக்குள்ளும் தைப்பவளின் சொல் புகுவதற்கு ஓர் எலியளவு இடமேனும் உண்டு என்பதை இப்பூனை மெய்ப்பிக்கின்றது.

பெர்லின் நகரத்துக் கட்டத்தாள்

அரண்மனையில் இருந்த இத்தொழில் நடுத்தர இல்லங்களை வந்தடைந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகும். 1804ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரத்து அச்சுப்பட வணிகர் பிலிப்சன், கட்டம் அச்சிட்ட தாளில் கையால் வண்ணமிட்ட தையற் படிவங்களை விற்கத் தொடங்கினார். 1810இல் அந்நகரத்து வணிகர் விட்டிக் என்பவர் இதனைப் பெருந்தொழிலாக விரித்தார். அவரைத் தூண்டியவர் ஊசிவேலையில் வல்லவரான அவர் மனைவியார் என்று கூறுவர். கடையின் பெயர் கணவருடையதாயிற்று. அம்மையார் ‘விட்டிக்கின் மனைவி’ என்ற அளவிலேயே வரலாற்றில் நிற்கின்றார். முகம் தைத்தோரின் பெயர்கள் மறைந்த கதைக்கு இது தக்கதொரு தோற்றுவாய்.

சாக்சனி நாட்டு மெரினோ ஆட்டின் மென்மயிர் நூலாக நூற்கப்பட்டுப் பெர்லினில் சாயமேற்றப்பட்டது. அதனால் இத்தையல் ‘பெர்லின் கம்பளி வேலை’ எனப் பெயர் பெற்றது. 1831இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் வில்க்ஸ் என்னும் வணிகர் பெர்லினிலிருந்து படிவங்களையும் கம்பளி நூலையும் நேரே தருவித்து விற்றார். 1840ஆம் ஆண்டளவில் வெளிவந்திருந்த படிவங்கள் ஏறத்தாழ 14,000 என்பர். 1856இல் பதினெட்டு வயது இளைஞர் வில்லியம் பெர்க்கின் கண்டுபிடித்த ஊதாச் சாயத்தைத் தொடர்ந்து செயற்கைச் சாயங்கள் பெருகின. கண்ணைப் பறிக்கும் செம்மையும் பசுமையும் ஊதாவும் தையற் கூடைகளில் நிறைந்தன.

அக்காலத்து இங்கிலாந்து, அமெரிக்க இல்லங்களில் இத்தையல் படாத பொருளே இல்லை எனலாம். நாற்காலி இருக்கையும் திண்டும் காலணியும் கணப்படுப்பின் தடுப்புத் திரையும் கம்பளிப் பூக்களால் நிறைந்தன. எனினும் குடும்பத்தின் பெருமைக்குரிய பொருளாக, சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டப்பெற்றது உருவப்படமே. லியொனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’, லேண்ட்சியர் தீட்டிய நாய்கள், விக்டோரியா அரசியாரின் மக்கள், ஜார்ஜ் வாஷிங்டன் ஆகியோரின் உருவங்கள் கம்பளி நூலில் எழுந்தன. எண்ணெய் ஓவியம் வாங்கும் வசதியில்லாத இல்லங்களில் ஓவியக் கூடத்தை ஊசிமுனை கொண்டுவந்து சேர்த்தது.

இங்கே தொழில் நுட்பம் ஒன்று கருதத்தக்கது. முகத்தின் கண்ணிமைக்கும் உதட்டிற்கும் பெரிய கட்டங்கள் பொருந்தா. அதற்கெனவே இரட்டை இழைகளால் நெய்த ஒருவகைத் துணி பயன்பட்டது. உடைக்கும் பின்புலத்திற்கும் இரட்டை இழையை ஒன்றாகக் கொண்டு தைப்பர். முகத்தையும் கையையும் அடைந்ததும் ஊசிமுனையால் இழைகளைத் தனித்தனியே பிரித்து, ஒரு கட்டத்தை நான்காக்கி நுணுக்கமாகத் தைப்பர். அத்துணிக்கு வணிகர் இட்ட பெயர் ‘பெனலோப்பி’. பகலில் நெய்ததை இரவில் பிரித்துக் கணவன் வரவை எதிர்நோக்கிக் காலம் கடத்திய கிரேக்கக் காவியத் தலைவியின் பெயர் அது. காத்திருத்தலே வாழ்வாகிய பெண்ணின் பெயரைக் காத்திருக்கும் பெண்களின் துணிக்குச் சூட்டிய வணிகர், தாம் எவ்வளவு பொருத்தமாகப் பெயரிட்டோம் என்பதை அறிந்திருப்பாரா என்பது ஐயமே.

கலைக்கழகத்தின் வாயிற்கதவு

இவ்வளவு பரவிய ஒரு தொழிலைக் கலையுலகம் எவ்வாறு நோக்கிற்று? லண்டனில் அரச கலைக்கழகம் 1768இல் தோன்றிற்று. அதன் நிறுவன உறுப்பினருள் அஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்னும் இரு பெண் ஓவியர் இருந்தனர். இருந்தும், தோன்றிய ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே அக்கழகம் தன் கண்காட்சியில் ஊசிவேலைக்கும் செயற்கைப் பூக்களுக்கும் கிளிஞ்சல் வேலைக்கும் இடமில்லை என விதித்தது. பெண்கள் கையில் பெரிதும் வாழ்ந்த கலைகள் இவை என்பது வெளிப்படை. அவ்விருவருக்குப் பின் வேறொரு பெண் இணையுறுப்பினராக நுழைய 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கதவுக்கு வெளியே நின்று தனக்கென ஒரு கூடத்தை அமைத்துக்கொண்டவர் மேரி லின்வுட் (1755–1845). லெஸ்டர் நகரில் பெண்கள் பள்ளி நடத்திய இவர், புகழ்பெற்ற ஓவியங்களைக் கம்பளி நூலில் அதே அளவில் தைத்தவர். இவர் கையாண்டது குறுக்குத் தையலன்று. தூரிகைக் கீற்றுப் போல நீண்டும் குறுகியும் விழும் தையல். நெப்போலியனின் உருவத்தையும் இவர் தைத்தார். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் 1809 முதல் இவருடைய படைப்புகள் நிலையான காட்சியாக வைக்கப்பட்டன. ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் மக்கள் கட்டணம் செலுத்தி அவற்றைக் கண்டனர். கார்லோ டோல்சியின் ஓவியத்தைத் தழுவித் தாம் தைத்த மீட்பர் உருவத்திற்கு 3,000 கினி தர முன்வந்தும் லின்வுட் அதனை விற்கவில்லை. அரசியார்க்கே விட்டுச் சென்றார். ஆனால் அவர் மறைந்த மறு ஆண்டு, 1846இல், எஞ்சிய படைப்புகள் ஏலத்தில் மிகக் குறைந்த விலைக்கே போயின. வாழ்நாளில் கூட்டம் கூட்டிய கலைக்கு, வாழ்நாளுக்குப் பின் காப்பகம் வாய்க்கவில்லை.

பெர்லின் வேலைக்கு எதிரான குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது. அது பிறர் வகுத்த படத்தைப் பிறர் குறித்த வண்ணத்தில் அறிவைச் செலுத்தாமல் நிரப்புவது என்றனர். செயற்கைச் சாயங்களின் பகட்டு வில்லியம் மாரிஸ் போன்ற கலைஞர்க்கு அருவருப்பூட்டிற்று. ஊசிவேலையை அதன் பழைய நிலைக்கு உயர்த்தும் நோக்குடன் 1872இல் லண்டனில் ஊசிக்கலைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. கம்பளிப் படங்கள் வரவேற்பறையிலிருந்து உள்ளறைக்கும், உள்ளறையிலிருந்து பரணுக்கும் சென்றன.

இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே படிவத்திலிருந்து ஆயிரம் வீடுகளில் ஒரே நாய் அமர்ந்திருந்ததும் உண்மை. ஆனால் அதே காலத்தில், ஓவியக் கூடங்களில் அமர்ந்து முன்னோர் ஓவியங்களைப் படியெடுத்த ஆடவரின் செயல் ‘பயிற்சி’ எனப் பெயர் பெற்றது. இல்லத்தில் அமர்ந்து படியெடுத்த பெண்ணின் செயல் ‘பொழுதுபோக்கு’ எனப்பட்டது. இவ்வேறுபாட்டின் வேரை 1984இல் வெளிவந்த தம் நூலில் ரோசிகா பார்க்கர் விரிவாக ஆராய்ந்தார். அடக்கமும் பொறுமையும் உடைய பெண்ணை உருவாக்கும் கருவியாக ஊசி அவள் கையில் தரப்பட்டது; அதே ஊசியால் அவள் தன் எதிர்ப்பையும் தைத்தாள் என்பது அவர் நிறுவிய கருத்தாகும்.

செந்நூல் வாக்குமூலம்

அக்கருத்துக்கு வலுவான சான்று லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அங்கே ஒரு வெள்ளைத் துணி. அதில் கிளியில்லை, பூவில்லை, வண்ணக் கோலமில்லை. சிவப்புப் பட்டு நூலால், நுண்ணிய குறுக்குத் தையலில், எழுத்துகள் மட்டுமே வரிவரியாக நிறைந்துள்ளன. தைத்தவர் எலிசபெத் பார்க்கர். 1813இல் சசெக்ஸ் பகுதியின் ஆஷ்பர்ன்ஹாமில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தைத்த காலம் ஏறத்தாழ 1830.

அக்காலத்துச் சிறுமியர் எழுத்துப் பழகுவதற்கு நெடுங்கணக்கையும் பக்திப் பாடல்களையும் தையலில் பொறிப்பர். முடிவில் தம் பெயரையும் வயதையும் இட்டு, சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவர். இங்கிலாந்தில் ஆண்டு குறித்த இத்தகைய தையல்களுள் மிகப் பழையது, ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598இல் செய்தது. பார்க்கரும் அவ்வழக்கத்தில் வளர்ந்தவரே. ஆனால் அவர் துணியில் பொறித்தது தம் வாழ்க்கை.

தமக்கு எழுதத் தெரியாது, ஆதலின் உள்ளதை எளிமையாக இங்கே பதிக்கின்றேன் என்று அவர் தொடங்குகின்றார். பதின்மூன்று வயதில் வீட்டு வேலைக்குச் சென்றதும், வேலை கொடுத்தவரின் கொடுமையும், மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டதும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதும், அவ்வெண்ணத்தைப் பாவமென அஞ்சி நடுங்கியதும் அத்துணியில் உள்ளன. எழுதத் தெரியாது என்பதை எழுத்தாகத் தைத்த அக்கையின் முரணை எண்ணும்தோறும் நெஞ்சம் கனக்கின்றது. மையும் தாளும் அவருக்குரியவை அல்ல என்று உலகம் கருதியிருக்கலாம். ஊசியும் நூலும் அவருடையவை. தம் ஆன்மா என்னாகும் என்னும் வினாவில், வாக்கியம் முடியாமலே, தையல் நின்றுவிடுகின்றது. அதன் கீழே துணி வெறுமையாகக் கிடக்கின்றது.

வினா அறுந்த இடத்தில் வாழ்வு அறுந்துவிடவில்லை. அவர் பின்னர் ஆஷ்பர்ன்ஹாம் பள்ளியிலேயே ஆசிரியையானார். முதுமை எய்தி 1889இல் மறைந்தார். முகம் ஒன்றும் இல்லாத அத்துணியே, உலகில் குறுக்குத் தையலால் அமைந்த உருவப்படங்களுள் தலைசிறந்தது எனலாம். அரசரையும் தலைவரையும் தைத்த ஆயிரமாயிரம் கைகளுக்கு நடுவே, ஒரு பணிப்பெண்ணின் கை தன்னைத் தைத்துக்கொண்டது.

தென்னாட்டு ஊசிகள்

தமிழகத்திற்குத் தையல் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் புகார் நகர வீதிகளில் துன்னகாரர் வாழ்ந்தனர். பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் நுண்வினை புரிவோரும் வாழ்ந்தனர். புறநானூற்றில் பருத்தி நூற்கும் பெண்டிர் காணப்படுகின்றனர். ஆனால் ஐரோப்பிய முறை ஊசிவேலை பெண்கல்வியின் கூறாகப் பரவியது கிறித்தவத் திருப்பணியாளர் நடத்திய பள்ளிகளின் வழியாகவே ஆகும்.

1820களில் நாகர்கோவிலில் மால்ட் துரையின் மனைவியார் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னுதலைக் கற்பித்தார். அது கட்டமெண்ணும் தையலன்று. நூலைக் கொண்டே துணி போன்ற வலையை உருவாக்குவது. எனினும் ஊசியும் நூலும் பெண்ணுக்கு வருவாய் தரும் என்னும் நிலை அங்கே பிறந்தது. அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர், லேஸ் விற்ற பணத்தால் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் எனத் திருப்பணி வரலாறுகள் குறிக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல் என்பதை நினைவிற்கொண்டால், அவ்விழைகளின் எடை விளங்கும். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்றார். அங்கும் பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் தொழிலையும் பயிற்றினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. கணவரின் நூலைத் தமிழுலகம் அறியும். மனைவியார் பயிற்றிய நூலை அறிந்தோர் சிலரே.

வீட்டுச் சுவருக்கு வேறொரு புறத்திலிருந்தும் உருவங்கள் வந்தன. இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் தென்னாட்டு இல்லங்களை அடைந்தன. இலக்குமிக்கும் சரசுவதிக்கும் பட்டுத் துண்டால் சேலை உடுத்தி, சரிகையும் சமிக்கியும் ஒட்டி அழகூட்டும் வழக்கம் அதனோடு வளர்ந்தது. செட்டிநாட்டு வீடுகளில் காக்கப்பட்ட அத்தகைய படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஓவியர் பெயர் அச்சில் இருக்கும். சேலை உடுத்திய கையின் பெயர் எங்கும் இராது.

1892இல் மதுரையில் ஹார்வி சகோதரர் நிறுவிய ஆலை பின்னாளில் ‘மதுரா கோட்ஸ்’ ஆயிற்று. அந்நிறுவனப் பெயரோடு வந்த ‘ஆங்கர்’ பூவேலை நூற்கண்டுகள் பள்ளித் தையல் வகுப்புகளிலும் இல்லங்களிலும் இடம்பெற்றன. ஆறு புரி கொண்ட நூலை இரண்டிரண்டாகப் பிரித்து, மேட்டித் துணியில் கட்டமெண்ணித் தைத்த பெண்கள், பெர்லினையும் விட்டிக் அம்மையாரையும் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கட்டமும் புள்ளியும் வாசற்கோலத்திலேயே பழகியவை.

பின்பக்கத்து எழுத்து

இன்று புகைப்படம் ஒன்றைக் கணினியிடம் தந்தால், அது கட்டங்களாகப் பகுத்து, வண்ண எண்களையும் குறித்துத் தருகின்றது. அரசியார் படமும் தலைவர் படமும் மட்டுமே படிவமாய்க் கிடைத்த நிலை மாறிவிட்டது. மறைந்த தாயின் முகத்தையும் பேரக்குழந்தையின் முகத்தையும் எவரும் தைத்துக்கொள்ளலாம். எண்ணும் உழைப்பை மட்டும் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. முப்பதாயிரம் கட்டங்களையும் கையே கடந்தாக வேண்டும். ஒரு முகத்தை மாதக்கணக்கில், கட்டம் கட்டமாகக் கண்முன் கொண்டு அமர்ந்திருப்பதற்கு அன்பு என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

தையல் அறிந்தோர் ஒரு படத்தை மதிப்பிடும்போது அதனைத் திருப்பிப் பின்பக்கத்தையும் நோக்குவர். முன்பக்கத்தில் படிவம் தெரியும். பின்பக்கத்தில் தைத்தவள் தெரிவாள். எங்கே நூல் தீர்ந்தது, எங்கே பிரித்துத் தைத்தாள், எங்கே கை சோர்ந்து முடிச்சு தடித்தது என்பன அங்கே உள. சட்டமிடும்போது அட்டை வைத்து மூடப்படுவதும் அப்பக்கமே. பெண்ணெழுத்தின் வரலாற்றைத் தேடுவோர் அச்சேறிய ஏடுகளோடு நின்றுவிட்டால், அட்டைக்குப் பின்னிருக்கும் இவ்வேடு விடுபட்டுப் போகும்.

பத்தாண்டுக் காலம் சொல்லைப் போற்றி வந்துள்ள இலக்கிய வட்டத்தினர் ஆற்றத்தக்க பணியொன்று இங்கே உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவர் இல்லத்திலோ உறவினர் இல்லத்திலோ இத்தகைய படம் ஒன்றேனும் இருத்தல் கூடும். பரணில் இருந்தால் அதனை இறக்கி, தைத்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எவருக்காகத் தைத்தார் என்பதைக் கேட்டு எழுதி, சட்டத்தின் பின்புறத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும். அத்தைமார் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கவிதைக்கு இறுதியில் முத்திரைப் பெயர் இடுவோர், அவ்வுரிமையை மறந்த தையலுக்கும் அதனை அளித்தால், ஆத்திசூடி கேளாமல் விட்ட சொல்லில் சில சொற்களேனும் செவிக்கு எட்டும்.